மூடிய சிப்பிக்கு முன்பணம்

இந்தக் கரையில் எழுத்தில் பதிவான முதல் சம்பள உச்சவரம்பு: பூஜ்யம்.

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலைத் தாண்டிச் சைக்கிளை மிதித்தால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய கொற்கையைத்தான் சொல்கிறேன். இன்று கடல் அங்கிருந்து கோபித்துக்கொண்டு கிழக்கே பல மைல் போய்விட்டது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் அது பாண்டியனின் முத்துத் துறைமுகம். கிரேக்க மொழியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதி வைத்த 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் இந்த ஊர் வருகிறது. ஆள் சுருக்கமாகப் பேசுகிறவர். முத்துக்குளிப்பு உண்டு, பாண்டியனுக்குச் சொந்தம், குளிப்பவர்கள் தண்டனைக் கைதிகள். முடிந்தது. அணித்தேர்வை நீதிபதியே பார்த்துக்கொண்டார் போலிருக்கிறது. "ஆட்டைத் திருடினாயா? மூச்சு எவ்வளவு நேரம் பிடிப்பாய்?" என்று கேட்டிருப்பார்கள். ஒப்பந்த நீட்டிப்பு வேண்டுமென்றால் இன்னொரு ஆட்டைத் திருட வேண்டும்.

இதை ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால், அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகளின் மேலாளர்கள் ஒவ்வோர் அக்டோபரிலும் தூக்கம் கெட்டு அலைகிறார்கள். முதல் சுற்றில் எடுத்த பையனுக்கு நாலு வருட ஆரம்ப ஒப்பந்தம். மூன்று வருடம் ஆடி முடித்ததும் நீட்டிப்புப் பேச்சு வந்துவிடும். பையனுக்கு வயது 22 இருக்கும். அணியின் சம்பள உச்சவரம்பில் நாலில் ஒரு பங்கை அடுத்த ஐந்து வருடத்துக்கு இவன் ஒருவனுக்கே எழுதிக் கொடுப்பதா, இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பதா? இப்போதே கொடுத்தால் நாளைக்கு முட்டி பெயர்ந்து உட்கார்ந்துவிடுவானோ என்று பயம். பொறுத்தால் விலை ஏறிவிடுமோ என்று பயம். 2012-ல் ஸ்டீஃபன் கரிக்கு ஓயாமல் கணுக்கால் சுளுக்கிக்கொண்டிருந்ததால் நாலு வருடத்துக்கு 4.4 கோடி டாலரில் பேச்சு முடிந்தது. அந்த ஒப்பந்தக் காலத்திலேயே அவர் கோப்பையும் வாங்கி, இரண்டு முறை லீகின் சிறந்த வீரராகவும் ஆனார். 2019-ல் பென் சிமன்ஸுக்கு ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 17 கோடி டாலர் என்று கையெழுத்தானது. 2021-22 பருவத்தில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இதற்கெல்லாம் அங்கே கணித மேதைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். பாவம். தூத்துக்குடிப் பக்கம் வந்து கேட்டிருந்தால், திறக்காத சிப்பிக்கு விலை வைப்பதில் நமக்கு இருக்கும் சர்வீஸைச் சொல்லியிருப்போம்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ்காரர் மார்க்கோ போலோ இந்தப் பக்கம் வந்தார். காயல் துறைமுகத்தைப் பார்த்தார். ஆத்தூருக்குப் பக்கத்தில் இன்று பழையகாயல் என்கிறோமே, அதுதான் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அவர் காலத்துக்குள் சம்பளக் கமிஷன் கொஞ்சம் முன்னேறியிருந்தது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து கப்பல் எடுத்துக்கொண்டு போவார்கள். குளிப்பவர்களைக் கூலி பேசி அமர்த்துவார்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. இருபதில் ஒரு பங்கு, சுறாவின் வாயைக் கட்டும் மந்திரவாதிக்கு.

ராஜாவுக்குப் பத்தில் ஒன்று சரி, கடல் அவருடையது. ஆனால் படகில் குந்திக்கொண்டு முணுமுணுப்பவருக்கு மொத்த வருமானத்தில் ஐந்து சதவீதம்! தண்ணீருக்குள் இறங்குபவருக்கோ பேசிய கூலி. அதிலும் மந்திரவாதியின் ஒப்பந்தத்தில் ஓர் உட்பிரிவு இருந்தது. மந்திரம் பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார், சுறாக்கள் இஷ்டம்போலத் திரியும். அப்போதுதான் இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி அள்ள மாட்டார்களாம். ஒரே ஆள், பகலில் காப்பீட்டு நிறுவனம், இரவில் வாட்ச்மேன். ஏதாவது ஆகிவிட்டால் விசாரணை இப்படித்தான் நடந்திருக்க வேண்டும்:

"ஏன்வே, சுறா ஒருத்தன் காலைக் கவ்விட்டதே, எங்கே போச்சு உம்ம மந்திரம்?"

"எப்போ கவ்விச்சு அண்ணாச்சி?"

"விடியக்காலம்."

"அப்போ அது நேத்து ராத்திரிக் கணக்கு. நான் இன்னும் கட்டவே இல்லையே."

போலோ இன்னொரு செய்தியும் சொல்கிறார். நாட்டில் பெரிய முத்து, நல்ல கல் எதுவும் வெளியே போகக் கூடாது. வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால், வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கு தருவதாக ராஜா வருடத்தில் சில முறை பறையறைவாராம். என்.பி.ஏ.வில் இதற்குச் சட்டமே இருக்கிறது. இளம் வீரரின் முதல் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு அணி ஒரு விலை சொன்னால், பழைய அணி அதே விலையைக் கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அங்கே அதே விலை. பாண்டியன் இரட்டிப்பு. யார் தாராளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். (குளித்து எடுத்தவருக்கு அந்த இரட்டிப்பில் காலணா போயிருக்குமா என்று கேட்காதீர்கள். பத்தாவது கைக்கு வந்த பிறகுதான் அது "பெரிய முத்து".)

உள்ளூர் ஆளுக்கு இப்படிக் கிள்ளிக் கொடுத்த அரசுகள், வெளிநாட்டு இறக்குமதிக்கு மட்டும் அள்ளி வீசின. காயலில் வந்து இறங்கிய குதிரைகளைச் சொல்கிறேன். ஓர்முஸ், ஏடன் பக்கமிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் பொன் கொடுத்து வாங்கியது. வருடக் கடைசியில் நூறு மிஞ்சினால் அதிகம் என்கிறார் போலோ. பராமரிக்கத் தெரிந்த ஆள் இங்கே இல்லை, லாடம் அடிப்பவரைக்கூட வியாபாரிகள் வரவிடுவதில்லை என்பது அவர் புகார். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருடம் வியாபாரம் என்ன ஆவது? கோடிகள் கொடுத்து வெளிநாட்டு வீரரை இறக்கிவிட்டு, பிசியோதெரபிஸ்ட்டுக்கு பட்ஜெட் இல்லை என்கிற அணிகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

பிறகு போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1530-களில் முத்துக்கரையில் பரதவர்களுக்கும் குத்தகை கையில் வைத்திருந்தவர்களுக்கும் பெரிய தகராறு. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள், திருமுழுக்கும் பெற்றார்கள். வழி காட்டியவர் ஜான் டா குரூஸ் என்கிற குதிரை வியாபாரி. எல்லா ஒப்பந்தத்திலும் நடுவில் ஓர் ஏஜென்ட் உண்டு, அவர் பெரும்பாலும் வேறு ஏதோ வியாபாரத்திலிருந்து வந்தவராக இருப்பார்.

புதிய முதலாளி வந்ததும் சம்பளச் சீட்டில் புதிய பிடித்தங்கள் வந்தன. எனக்கு மிகவும் பிடித்தது செருப்புக் காசு. இந்தக் கரையின் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போர்ச்சுகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. செருப்பே போடாமல் கடலில் குதிப்பவர், லிஸ்பனில் இருக்கும் அம்மையாரின் செருப்புக்குச் சந்தா கட்டுகிறார்! 1542-ல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்கு இது பொறுக்கவில்லை. அந்தப் பணத்தை இங்கே குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருபவர்களின் சம்பளத்துக்குக் கொடுங்கள் என்று ராணிக்கே எழுதி, பரலோகம் போவதற்கு இதைவிட நல்ல காலணி கிடையாது என்று ஒரு போடும் போட்டார். ராணி கொடுத்துவிட்டார். இந்தக் கரையில் நிர்வாகத்தோடு சம்பளம் பேசி ஜெயித்தவர்கள் பட்டியல் போட்டால் முதல் பெயர் சவேரியார். இரண்டாவது பெயரைத் தேட வேண்டும்.

1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்கள் கணக்குப்பிள்ளை ஜாதி. ஆளை எண்ணுவதைவிடக் கல்லை எண்ணுவது சுலபம் என்று கண்டுபிடித்தார்கள். குளிப்பவர் கால் வைத்து இறங்குவதற்கு ஒரு கல் வேண்டும், கயிற்றில் கட்டியிருக்கும். கல் கொண்டுபோய்க் கடலடியில் சேர்க்கும். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். அள்ளி முடித்ததும் ஆளை இழுப்பார். ஆகவே ஒரு கல்லுக்கு இவ்வளவு வரி. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், பரதவர் ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கு இத்தனை கல் என்று வரியில்லாத மானியக் கல் வேறு. நாயக்கர் குளிக்கவில்லை. அவருடைய கல் குளித்தது. பரதவரின் சாதித் தலைவருக்கும் பரம்பரையாக உரிமை உண்டு, ஆங்கிலேயர் காலம் வரை அது ஏதோ ஒரு வடிவில் ஓடியது.

கயிறு பிடிப்பவர் பெரும்பாலும் மைத்துனராகத்தான் இருப்பார் என்று கடற்கரை ஊர்களில் சொல்லிக்கொள்வார்கள். கயிற்றை விட்டால் அக்காள் தாலி போகும், எனவே விடமாட்டார். உலகத்திலேயே கமிஷன் கொடுக்காமல் நம்பக்கூடிய ஏஜென்ட் இவர் ஒருவர்தான். அவரும் பங்கு கேட்பார், அது வேறு கதை.

ஆங்கிலேயர் வந்ததும், முதலில் மொத்தக் கடலையும் ஒருவருக்கே குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைதாரருக்கு ஒரே பயம்: கடலில், படகில், கழுவும் இடத்தில் யாராவது முத்தை விழுங்கிவிட்டால்? கேப்டன் ராபர்ட் பெர்சிவல் 1803-ல் வெளியிட்ட இலங்கைப் புத்தகத்தில் தீர்வைச் சொல்கிறார். சந்தேகப்பட்ட ஆளை அறையில் பூட்டி, வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுப்பார்கள். ஊக்கத்தொகை என்ற ஒன்று இல்லாத இடத்தில் ஆட்களே அதை ஏற்பாடு செய்துகொள்வார்கள், நிர்வாகம் அதைத் திரும்ப வசூலிக்கும்.

மந்திரவாதி மட்டும் அசையவில்லை. போலோ பார்த்த ஆளின் வாரிசு 19-ஆம் நூற்றாண்டில் அரசாங்கத்தின் அங்கீகாரத்தோடு 'கடல் கட்டுபவர்' என்று வேலையில் இருந்தார். இலங்கைக் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859-ல் எழுதுகிறார்: இந்த வேலை பரம்பரை உரிமை, மந்திரம் பலிப்பதற்கும் மந்திரிப்பவரின் மதத்துக்கும் சம்பந்தமில்லை என்று நம்புகிறார்கள், ஏனென்றால் இப்போதைய குடும்பத் தலைவர் ரோமன் கத்தோலிக்கர். பாண்டியன், போர்ச்சுகல், டச்சு, கம்பெனி, மகாராணி என்று முதலாளி மாறிக்கொண்டே இருக்க, ஐநூறு வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் நீண்டுகொண்டே போயிருக்கிறது. நான் இளம் வீரர்களுக்கு ஏஜென்டாக இருந்தால் சிமன்ஸின் ஒப்பந்தத்தைப் படிக்கமாட்டேன், இவருடையதைத்தான் படிப்பேன்.

கடைசியில் வெள்ளைக்காரர் கண்டுபிடித்த முறை, சொன்னால் நம்பமாட்டீர்கள், நியாயமாகவே இருந்தது. குளிப்பவருக்குச் சம்பளம் கிடையாது, எடுத்ததில் பங்கு. இலங்கைப் பக்கம் ஒரு காலத்தில் நாலில் ஒன்று, பிறகு மூன்றில் ஒன்று. தூத்துக்குடியிலும் மூன்றில் ஒன்று. படகு கரைக்கு வந்ததும் 'கொட்டு' என்னும் வேலிக்குள் சிப்பியைக் கொண்டுபோய், குளித்தவர்களே மூன்று குவியலாகப் போட வேண்டும். எந்தக் குவியல் யாருக்கு என்று சொல்வது அதிகாரி. பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் வேறொருவர்; ஆகவே மூன்று குவியலும் ஓர் உருப்படி முன்பின் இல்லாமல் சமமாக இருக்கும். அரசின் இரண்டு குவியல் அன்று மாலையே ஏலத்துக்குப் போகும், ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று. திறந்து பார்க்க முடியாது. முந்தின நாள் வாங்கியவருக்கு நல்ல முத்து கிடைத்ததாக டீக்கடை... மன்னிக்கவும், அன்று டீக்கடை ஏது... கள்ளுக்கடையில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், விலை குதிக்கும். ஒன்றும் இல்லையாம் என்றால் படுத்துவிடும்.

குளித்தவர் என்ன செய்தார் தெரியுமா? படகுக்காரருக்கும் கயிற்றுக்காரருக்கும் போக மிஞ்சிய தன் பங்கைக் கொட்டுக்கு வெளியே வந்ததும் சில்லறை வியாபாரிகளிடம் தள்ளிவிட்டார். அன்றைக்கே, மூடிய சிப்பியாகவே. உள்ளே ராஜா முத்து இருக்கலாம், வெறும் சதையும் இருக்கலாம். அந்தக் கவலை வாங்கியவருக்கு. இவர் சாப்பிடப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து இந்த 2,000 ஆண்டுக் கதையில் முழு அறிவோடு நடந்துகொண்ட தரப்பு இது ஒன்றுதான். அள்ளிக்கொண்டு வருபவருக்குத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருவனுக்கும் தெரியாது என்பது.

அது தெரியாதவர்கள் அதிகாரிகள். சிப்பிக்கு வயது நாலுக்கு மேல் ஆக வேண்டும், அப்போதுதான் முத்து விலை போகும். ஆறு தாண்டினால் செத்துப்போகும். கூடைப்பந்து வீரரின் முட்டியைப்போலவே அதற்கும் ஒரு காலம் இருக்கிறது. கடலடியில் சிப்பி விளையும் பாரில் இறங்கிச் சில ஆயிரம் சிப்பி மாதிரி எடுத்து, அழுகவைத்து, முத்தைப் பொறுக்கி, ஆயிரத்துக்கு இவ்வளவு பெறும் என்று மதிப்புப் போடுவார்கள். மூன்று வயசுதான் ஆகிறது, பொறுப்போம் என்று எழுதி வைப்பார்கள். அடுத்த வருடம் போனால் பாரில் மணல்தான் இருக்கும். தூத்துக்குடியில் 1860 முதல் 1862 வரை மூன்று வருடம் நல்ல குளிப்பு. நாலாவது வருடமும் இருக்கும் என்று காத்திருந்தார்கள். அதற்கப்புறம் 1889 வரை வந்ததெல்லாம் அறிக்கைதான். சூரம், கிளிக்காய் என்ற வேறு சிப்பிகள் மூடிவிட்டன என்றார்கள், திருக்கை தின்றுவிட்டது என்றார்கள், பாம்பன் வாய்க்காலைத் தோண்டியதால் நீரோட்டம் கெட்டது என்றும் சொன்னார்கள். தோற்ற அணியின் மேலாளர் பேட்டி மாதிரியே இருக்கும்.

இத்தனை ரெக்கார்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் 1906 நடந்தது.

எதிரே மரிச்சுக்கட்டியில், 1891-க்குப் பிறகு பதினோரு வருடம் இலங்கைக் கடல் ஒரு முத்தும் தரவில்லை. பேராசிரியர் ஹெர்ட்மேனை 1902-ல் வரவழைத்து ஆராய்ந்தார்கள். நாடாப்புழுவின் குஞ்சுதான் முத்துக்குக் காரணம் என்று அவர் சொன்னார். 1903-ல் கடல் திறந்தது. அரசுக்கு 8 லட்சம் ரூபாய். 1904-ல் 10 லட்சம். 1905-ல் குளித்தவர்கள் ஏறக்குறைய 5,000 பேர், எடுத்த சிப்பி 8 கோடிக்கும் மேல், அரசுக்கு 25 லட்சம். மூன்று வருடத்தில் 43 லட்சம்! லண்டனில் கனவான்கள் கூடி சிலோன் முத்துக்குளிப்புக் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வருடத்துக்கு 3,10,000 ரூபாய் வாடகை, 20 வருடக் குத்தகை. மொத்தம் 62 லட்சம்தான். மூன்று வருடத்தில் 43 என்றால் இருபது வருடத்தில் எவ்வளவு என்று பேனாவை எடுத்துப் பெருக்கிப் பார்த்திருப்பார்கள். பெருக்கல் தப்பில்லை.

அரசாங்கத்தின் முகத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று பருவம் பிரமாதமாக ஆடிய பையனை, 20 வருட உத்தரவாதச் சம்பளத்துக்கு அடுத்தவர் தலையில் கட்டிவிட்ட மேலாளரின் முகம். 1906-ல் சிப்பி இருந்தது. 1907-ல் கொஞ்சம் இருந்தது. 1908-ல் பார் வெறும் பார். கம்பெனி சில வருடம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடையைக் கட்டியது. அடுத்த குளிப்பு 1925-ல்தான் நடந்தது. 20 வருடக் குத்தகை ஓடியிருந்தால் கடைசி வருடத்துக்குச் சரியாக வந்திருக்கும்.

இதே காலத்தில் குளித்தவர்களுக்கு நஷ்டம் என்ன? ஒன்றுமில்லை. கடல் திறக்கவில்லையா, சரி, மீன் பிடிக்கப் போனார்கள். அவர்கள் கணக்கு ஒரு நாள் கணக்கு.

நம்மூர்க் கூடைப்பந்துக்காரருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போய்ப் பார்த்தால், பனியனில் ஊர் பெயர் இருக்காது, ஆபீஸ் பெயர் இருக்கும்: இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப். ஆறடி நாலங்குலப் பையன் ரீபவுண்ட் எடுத்தால் கிளார்க், நன்றாக எடுத்தால் ஆபீசர். ஒப்பந்தம் 60 வயது வரை, முட்டி 30-ல் போனாலும் பஞ்சப்படி ஏறிக்கொண்டே இருக்கும். 2015-ல் சத்னம் சிங் டல்லாஸ் அணிக்கு 52-ஆவது ஆளாகத் தேர்வானார், என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, எட்டாத உயரத்து பைலை ஸ்டூல் இல்லாமல் எடுத்துத் தரும் அண்ணன்மார் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார்கள்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது, அதோடு சரி. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இங்கேயே சிப்பிக்குள் மணியை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். சிப்பிக்கு அதன்பின் வேலை உறுதி. குளித்தவர்களுக்கு மிஞ்சியது சங்கு.

சங்கு குளிப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது. இங்கே பங்கும் இல்லை ஏலமும் இல்லை, சங்குக்கு இவ்வளவு என்று காசு. திறமையை அளக்க அரசு ஒரு வளையம் வைத்திருந்தது, விட்டம் 57 மில்லிமீட்டர். வளையத்தில் நுழைந்து விழுந்துவிட்டால் அது குஞ்சு, காசு கிடையாது, உயிரோடு கடலில் திருப்பிப் போட வேண்டும். மூச்சைப் பிடித்து எடுத்ததை ஒரு நூல் குறைந்ததற்காகத் திருப்பிப் போட எந்த மனிதனுக்கு மனசு வரும்? அளவு பார்க்கும் இடத்தில் இது நடக்காமல் இருந்திருக்காது:

"சார், நான் எடுத்தது, நானே திருப்பிப் போடுறேன். அடுத்த வருசம் இது பெரிசானா எனக்குத்தானே?"

"சங்குல உம்ம பேரா எழுதியிருக்கு? தள்ளி நில்லும்வே, அடுத்த ஆள் வரட்டும்."